எங்கே எழுதியிருக்கு?

நம் ஊர்களில் ‘எங்கே எழுதியிருக்கு?’ என்றொரு இனம் உண்டு. வெயிலிலும் வாடாது, மழையிலும் அழுகாது. காதுகுத்தோ கருமாதியோ, நாலு பேர் கூடிச் சாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், பின்வரிசையிலிருந்து எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, செல்போனில் யாரோ அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து, அதைப் படிக்காமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “எங்கே எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டு உட்காரும். அவ்வளவுதான். பேச்சு செத்துவிடும்.

இது புதிய இனமும் அல்ல. வேதமே ஒரு காலத்தில் வாயிலும் காதிலும்தான் வாழ்ந்தது; எழுதாக்கிளவி என்றே அதற்குப் பெயர். மேற்கே மோசேயின் கட்டளைகள் கல்லில் ஏறின, பிறகு தோல்சுருளில் ஏறின. எழுத்து வந்ததும் மறதி குறைந்தது. நல்லதுதான். ஆனால் எழுதிய ஏட்டுக்கு ஓரம் என்று ஒன்று உண்டே! ஓரத்துக்கு உள்ளே இருந்தவர் நம்மவர். வெளியே நின்றவர் யாரோ.

பொன்னமராவதிப் பக்கத்து எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைவர் ரகுநாத், திருவிழாக் கமிட்டிச் செயலாளர். போன வருஷம் ஐயனாருக்குப் புரவி எடுப்பு. மண்குதிரையை மூங்கிலில் கட்டித் தூக்கிப்போக, எந்தத் தோள் வந்தாலும் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஜஸ்டின் வீட்டுத் தோள் அவன் தாத்தா காலத்திலிருந்தே உண்டு. இதற்காகவே துபாயிலிருந்து லீவில் வந்து மூங்கிலுக்குக் குனிந்தவனை ரகுநாத் மறித்தார்.

“வேதக்காரவுக புரவி தூக்கலாம்னு எங்க எழுதியிருக்கு?”

கிறிஸ்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்று பெயர். பெயரே புத்தகத்தால் வந்ததுதான். ஜஸ்டின் முகம் சுருங்கிப்போனது. கூட்டத்தில் நின்ற எங்கள் தெரு அமுதவல்லி அக்கா விடவில்லை.

“நம்ம ஐயனாரப் பத்தியுந்தான் எந்த ஏட்டுலயும் எழுதல. அவரையும் இங்கிட்டே எறக்கி விட்ருவமாண்ணே?”

கூட்டம் சிரித்தது. புரவி கிளம்பியது, ஜஸ்டின் தோளோடு.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டோமா? இனிமேல் எவரும் வாய் திறக்கக்கூடாது என்று கோயில் சுவரில் கல் பதித்து, புரவி தூக்கும் வீடுகளின் பெயர்களை வெட்டிவைத்தோம். ஜஸ்டின் வீட்டுப் பெயரும் ஏறியது.

இந்த வருஷம் வீரய்யா மூங்கிலுக்குக் குனிந்தார். தவறாமல் தூக்குகிறவர்தான்; கல் வெட்டியபோது திருப்பூரில் மகள் வீட்டில் இருந்ததால் பெயர் விட்டுப்போனது. அவர் தோளில் கைவைத்துத் தடுத்தது யார்? ஜஸ்டின்!

“கோவிச்சுக்காதீங்க மாமா. கல்லுல ஒங்க பேரு இல்லையே.”

“ஏண்டா, போன வருசம் ஒனக்குப் பக்கத்துலதானடா தூக்குனேன்?”

“அப்பக் கல்லு இல்லையே மாமா.”

புரவி போய்விட்டது. வீரய்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். கோயிலிலோ சர்ச்சிலோ நன்கொடையாளர் கல்லைப் பார்த்தால் நம் வீட்டுப் பெயரைத் தேடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் அது கிடைத்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெயர் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டுதானே சாமி கும்பிடப் போனீர்கள்?