மீன்கள் ஓதிய மந்திரம்

விடியும் முன்பே ஓடைக்கரையில் இடம் பிடித்துவிட வேண்டும். தாமதமாகப் போனால் மீன்களின் வாய் தெரியாது. முன்னால் நிற்பவரின் பின்மண்டைதான் தெரியும்.

ஆம், மீன்களின் வாயைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம். நீர்ஞானி என்று ஊரார் கொண்டாடும் சாமியார் பாறைமேல் அமர்ந்து 'உம்... ஆம்... உம்...' என்று தொடங்குவார். உடனே மடுவிலிருக்கும் மீன்கள் மேலே வந்து, தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். கூடவே ஓதுகின்றனவாம்! ஐந்தறிவு ஜீவனுக்கே மந்திரம் புரியும்போது ஆறறிவுக்காரன் சும்மா இருப்பானா? அவனும் வாயைத் திறந்தான். மீனுக்காவது அந்தத் தண்ணீரைவிட்டால் போக்கிடம் இல்லை. இவனோ அதைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போய்க் குடித்தான்.

மடுவுக்கு மேலே ஒரு வேலி. வேலிக்குப் பின்னால் பால் கம்பெனி. இரவெல்லாம் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக நேரே மடுவில் விழும். நாற்றம் தாங்கவில்லையென்று மனுக் கொடுத்த தெருக்காரர்களே, "இது ஞான வாசனை" என்று ஞானி சொன்ன நாளிலிருந்து மூக்கைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு மூச்சை ஆழமாக இழுத்தார்கள். கம்பெனி மேனேஜர் ஞானிக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். பக்திதான், வேறென்ன!

எங்கள் தெருத் தையல்காரரும் பாட்டில் கூட்டத்தில் ஒருவர். சர்க்கரை நோயாளி. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் மடுத்தண்ணீர் குடித்துவந்தார். காலில் ஒரு புண் ஆறாமல் பெரிதாகிக்கொண்டிருந்தது. மெஷினை மிதிக்கிற கால். வயிறோ தனிக்கதை.

"ஏங்க, நேத்து மட்டும் எத்தனை தடவை பின்கட்டுக்கு ஓடுனீங்க?" என்றாள் மனைவி.

"உள்ள இருக்குற கெட்டதெல்லாம் வெளிய போகுதுடி. ஐயா சொல்லியிருக்காரு."

"இப்படியே போனா உள்ள நீங்களே இருக்க மாட்டீங்க."

அன்றைக்கே அவள் தன் தங்கையை வரவழைத்தாள். தங்கைக்கு நீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஓடை ஓடையாக இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் என்ன பூச்சி இருக்கிறது, வலையில் என்ன மீன் சிக்குகிறது என்று பார்ப்பாள். அதை வைத்தே ஓடைக்கு உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவாள். தையல்காரர் அவளுக்கு வைத்த பெயர் பூச்சிக்காரி.

பூச்சிக்காரி வந்ததும் முதலில் காலைப் பார்த்தாள். முகம் மாறியது.

"மாமா, இந்தக் கால் போச்சுன்னா மெஷினை யார் மிதிப்பா?"

"மீனே ஓதுதும்மா. மீனைவிட உனக்கு நிறைய தெரியுமோ?"

"அது ஓதலை. மூச்சு முட்டி வாயைப் பிளக்குது."

"இதென்ன கூத்து! தண்ணிக்குள்ளயே கிடக்குறதுக்கு எதுக்கு மூச்சு?"

"தண்ணில கரைஞ்சிருக்குற காத்தைத்தான் அது இழுக்குது. கழிவு விழுந்தா அது அழுகி, அந்தக் காத்தெல்லாம் தீர்ந்துபோயிடும். சரி, விடியக்காலைல மட்டும் ஏன் ஓதுது? மத்தியானம் லீவா?"

"வெயில்ல மந்திரம் காஞ்சிடுமாம்."

"ராத்திரி பூரா கழிவு விழுது. இருட்டுல பாசியும் காத்தை இழுத்துக்குது. விடியறப்போதான் மடுவுல காத்து ரொம்பக் குறைச்சல். சரி மாமா, மீன் ஓதுதா, மூச்சு முட்டுதான்னு ஒரு பந்தயம். நாளைக்கு உங்க ஐயா ஜெயிச்சா நானும் ஒரு டம்ளர் குடிக்கிறேன். தோத்தா நீங்க மாத்திரை போடணும், ஆஸ்பத்திரிக்கும் வரணும்."

"உன் அக்காதான் சாட்சி," என்றார் தையல்காரர், ஏற்கெனவே ஜெயித்துவிட்டவர்போல.

மறுநாள் விடியலில் பூச்சிக்காரி அவரையும் அக்காவையும் கழிவுக்குழாய்க்கு மேல்புறம் அழைத்துப் போனாள். ஒரு கல்லைப் புரட்டினாள். மூன்று வால் கொண்ட குட்டிப் பூச்சிகள் சிதறி ஓடின. மணல்துகள்களை ஒட்டவைத்துத் தனக்கென்று கூடு கட்டிய புழு ஒன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இதுங்க நல்ல தண்ணி இல்லாட்டி தங்காது, மாமா."

பிறகு மடுவுக்கு வந்து அங்கும் ஒரு கல்லைப் புரட்டினாள். கறுப்புச் சேற்றில் சிவப்பு நூல்போல ஏதோ கிடந்தது.

"அருள்நூல்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் தையல்காரர். "ஐயா காட்டியிருக்காரு!"

"ஊசியில கோத்துப் பாருங்க, நெளியும். இது புழு. காத்தே இல்லாத சேத்துலயும் பிழைச்சுக்கும். அந்த மூணு வால்காரங்க ஒருத்தராவது இங்க இருக்காங்களா?"

தையல்காரர் இன்னும் இரண்டு கல்லைத் தாமே புரட்டிப் பார்த்தார். அங்கும் சிவப்புப் புழுதான்.

அதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. பூச்சிக்காரி இரண்டு வாளிகளோடு பாறையருகே போனாள்.

"ஒரு சின்னச் சோதனை செய்யலாமா ஐயா?"

"ஞானத்தை வாளியில அளக்க முடியுமா மகளே?"

"ஞானத்தை அளக்கலை ஐயா. மீனைத்தான்."

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். இனி மறுத்தால் மரியாதை போய்விடும். ஞானி தலையசைத்தார்.

ஒரு வாளியில் மேல்புறத்துத் தண்ணீரும் அங்கேயே பிடித்த ஒரு மீனும். மற்றதில், காற்றுக் கலந்துவிடாதபடி அலுங்காமல் முகந்த மடுத்தண்ணீர். ஓதிக்கொண்டிருந்த மடுமீன் ஒன்றை வலையில் அள்ளி நல்ல தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரம் வாயைப் பிளந்தது. அப்புறம் மெல்ல அடியில் இறங்கி வாலை ஆட்டிக்கொண்டு நீந்தியது.

"மந்திரத்தை மறந்துடுச்சா ஐயா?"

"முக்தி அடைஞ்சிடுச்சு," என்றார் ஞானி.

"ஆஹா!" என்றது கூட்டம்.

இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்!

பூச்சிக்காரி சளைக்கவில்லை. மேல்புறத்தில் பிடித்துவந்த துடிப்பான மீனை மடுத்தண்ணீர் வாளியில் விட்டாள். அது சுற்றியது, தடுமாறியது, மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தது.

வாளிக்குள் எட்டிப் பார்த்த தையல்காரர் நிமிர்ந்தார். "ஐயா, நீங்க இப்போ 'உம்'னுகூடச் சொல்லலை. இது யாரோட மந்திரத்தை ஓதுது?"

ஞானி கேட்டதாகவே தெரியவில்லை. அவர் கண் வாளியிலேயே இருந்தது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் கை தானாக நீண்டது.

"அடடா, செத்துடும்மா! ஏர் பம்பைப் போடு! இல்லாட்டி நல்ல தண்ணிக்கு மாத்து, சீக்கிரம்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?"

"வருஷக்கணக்கா கலர் மீன் கடை வெச்சவனுக்கு இதுகூடவா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். வெளியே வந்த வார்த்தை வந்ததுதான்.

அந்தப் பாறையில் அவர் பேசிய ஒரே உண்மை அது. மீன்மேல் அவருக்கு இரக்கம் இருந்ததை மறுக்க முடியாது. தையல்காரர் மேல்தான் இல்லை.

பூச்சிக்காரி மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றினாள். தையல்காரர் தன் பாட்டிலைத் திறந்து ஞானியிடம் நீட்டினார். "நீங்க ஒரு மடக்கு குடிங்க."

ஞானி பாட்டிலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கொட்டகைக்குப் பின்னால் இருந்த வழியைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்ததைத்தான் பிடித்துக்கொண்டார். ஓட்டத்தில் அவருக்குப் பயிற்சி இல்லை. தையல்காரருக்கு இருந்தது, ஆனால் அவர் துரத்தவில்லை, ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. போகும்போதே மனைவி முந்தானையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்ட, மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

கூட்டத்தில் பாதி பால் கம்பெனி வேலியை உலுக்கப் போனது. மீதிப் பாதியிலிருந்து ஒருவர் மட்டும் பூச்சிக்காரியின் காதருகே வந்து கேட்டார்: "அந்த முக்தி அடைஞ்ச மீன் இருக்குற தண்ணி... ஒரு பாட்டில் கிடைக்குமா?"

மீனுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. அதனால் வாயைத் திறந்து திறந்து மூடியது. உங்களுக்கு என்ன வந்தது?