முதலில் ஓட்டு, அப்புறம் தேடு

அடுப்பைப் பற்றவைத்து, சட்டியைக் காயவிட்டு, அது புகைய ஆரம்பித்த பிறகு "எண்ணெய் இருக்கா?" என்று கேட்கிற இனம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் ஒன்று உலவலாம். இந்தக் கதையில் வருகிற வீட்டில் இருப்பது கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது.

ஆணியடிக்க ஏணியில் ஏறுவார். ஏறிய பிறகு சுத்தியல் கேட்பார். சுத்தியல் வந்த பிறகு ஆணி. கீழே நின்று எடுத்துக் கொடுப்பது மனைவி. தாலி கட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சம்பளமில்லாத எடுபிடி உத்தியோகம்.

வீட்டிலிருந்தே பார்க்கிற ஆபீஸ் வேலையிலும் அதே லட்சணம்தான். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அவர் எழுதுகிற புரோகிராம், ஊரார் எழுதிவைத்த புரோகிராம் துண்டுகளை இரவல் வாங்கித்தான் ஓடும். அவற்றை முன்கூட்டியே இறக்கிவைக்க மனுஷனுக்குச் சோம்பல். ஆகவே, ஓடும்போது எது இல்லையோ அதைத் தானே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு செய்தார்.

"இனிமே நான் எதையும் தேடவே வேணாம், தெரியுமா?"

"இதுக்கு முன்னாடி எப்பங்க தேடுனீங்க?" என்றாள் அவள்.

அதை மேலதிகாரிக்கு வீடியோ அழைப்பில் காட்டும் நாள் வந்தது. அசத்திவிட்டால் குழுத் தலைவர் பதவி. அவரைவிட அவளுக்குத்தான் தவிப்பு. ஏன்? தலைவரானால் தினமும் ஆபீசுக்குப் போயாக வேண்டும். பகல் முழுக்க வீடு அவளுடையது!

வெறும் லேப்டாப்பில் ஓட்டினால்தான் மதிப்பு என்று, இறக்கியிருந்த துண்டுகளையெல்லாம் அவரே அழித்துவிட்டு உட்கார்ந்தார். ஓட்டினார். ஒரு துண்டு இல்லை, ஓடி வந்தது. வந்தது சும்மா வந்ததா? அது தன் மச்சான் துண்டைக் கூப்பிட, மச்சான் சகலையைக் கூப்பிட, சகலை ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் குடும்பத்தோடு கூப்பிட, வீட்டு இணையத்தை அந்தக் கூட்டமே உறிஞ்சிக் குடித்தது. மேலதிகாரியின் திரையில் இவர் வாயைப் பிளந்தபடி உறைந்துபோனார்.

போன் அடித்தது. கணவர் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவள்தான் எடுத்தாள்.

"என்னம்மா, அசையவே மாட்டேங்கிறாரு?"

"சாமான் வந்துகிட்டே இருக்கு சார். கொஞ்சம் பொறுங்க."

"வரட்டும்மா, அவசரமில்ல. தலைவர் வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறோம். சார் வீட்டுலேர்ந்தே பாக்கட்டும்."

போனை வைத்துவிட்டு அவள் சுத்தியலை எடுத்து ஏணியடியில் தயாராக வைத்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இன்று காலை தலையெல்லாம் சோப்பு நுரையோடு, குளியலறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து, "யாராவது துண்டு எடுங்க" என்று கத்தியது யாராம்?