பளீல் காக்கா பார்த்த பொருத்தம்

கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவரை உங்களுக்குத் தெரியும். சாமானுக்குப் பொருத்தம் பார்ப்பவரைத் தெரியுமா? சவூதியிலிருந்து பெட்டி வந்த வீட்டில், கயிறு அறுபடுமுன்னே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமானின் முகத்தைப் பாராமல் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தை வாசித்து, ‘ம்ம்’ என்று மூச்சு விடுவாரே, அவர்தான். அந்த ‘ம்ம்’ கேட்டால் வீட்டுக்காரி சாமானைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

சாய்ந்தமருதில் அவருக்குப் பளீல் காக்கா என்று பெயர்; ஊருக்கே அண்ணன். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும். புதியதைக் கண்டால், பழையதன் உறுதி இதில் இல்லை என்பார். பழையதைக் கண்டால், இதற்கு இனி உதிரிச் சாமான் வராது என்பார். அவர் வீட்டில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நல்ல மாடல் வரட்டும் என்று றேடியோகூட வாங்காமல், அடுத்த வீட்டு றேடியோவில் செய்தி கேட்பவர்.

சபூறா தையல்காரி. புருஷன் றஊப் சவூதியில். அவன் அனுப்புவது பிந்தும் மாதங்களில் அடுப்பெரிவது அவளுடைய கைமெசினால்தான். நோன்புப் பெருநாள் தையல்தான் அவளுக்கு அறுவடை. றஊப் கரண்ட் மெசின் அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டதும் காக்கா வந்து, பழைய மெசினுக்கு இனி ஊசியே வராது, இப்போதே தள்ளிவிடு என்றார். விற்றாள். புதியது வந்தது. கவிழ்த்தார். ‘ம்ம்.’

“இது நூத்திப்பத்து வோல்ட், புள்ள. நம்மட கரண்ட் இருநூத்திமுப்பது. ப்ளக்கக் குத்தினா புகைதான்.”

அது உண்மை. இந்த ஆட்களிடம் உள்ள தொல்லையே அதுதான், பாதி உண்மையாக இருக்கும். கரண்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். அது சூடேறி மெசினைத் தின்றுவிடும், இரண்டு கரண்டுக்கும் ஓடுகிற மாடல் அடுத்த வருஷம் வருகிறதாம், பொறு என்றார்.

பொறுத்தாள். அடியில் இருந்த ஆங்கிலத்தை அவளுக்கு வாசிக்கத் தெரியாதே. நோன்பு பிறந்தது. மூலையில் தைக்காத துணி குவிந்தது. ஒரு நாள் முன்வீட்டு ஹாஜறா வந்து, தன் பிள்ளைகளின் துணியை எடுத்துக்கொண்டு வேறு தையல்காரியிடம் போனாள். அன்றுதான் சபூறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினாள். திரும்பும்போது மடியில் ட்ரான்ஸ்போமர், கைக்குழந்தையைப் போல. பிஸ்மி சொல்லி ப்ளக்கைக் குத்தினாள். புகை வரவில்லை. மெசின் ஓடியது.

பெருநாளுக்கு முதல் நாள் பளீல் காக்கா வந்தார். கையில் மகளுக்குச் சட்டை தைக்கப் பூப்போட்ட துணி.

சபூறா தலை நிமிரவில்லை.

“பழைய சட்டை இரிக்கிதானே காக்கா, அதப் போடட்டும். அடுத்த வருஷம் இதவிட நல்ல மாடல் வருமாம். பொறுங்க.”

காக்கா குனிந்து ட்ரான்ஸ்போமரைத் தொட்டுப் பார்த்தார்.

“சுடுகுது, புள்ள.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், ‘அந்த ட்ரான்ஸ்போமர் எத்தனை வாட்?’ என்று நடுவில் ஒரு தடவையாவது உங்களுக்குள் கேட்டீர்களா? கேட்டிருந்தால், அடுத்த வீட்டில் பெட்டி பிரிக்கும் அன்றைக்குத் தயவுசெய்து உங்கள் வீட்டிலேயே இருங்கள்.