அத்தையின் சங்கிலியும் என் முதுமையும்

முதியோரிடம் திருடுபவர்களுக்கும் அவர்களை ஏமாற்றுபவர்களுக்கும் இனிமேல் மும்மடங்கு தண்டனை என்று அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேற்படி சட்டத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேர் மனமார வரவேற்றோம். அத்தை, நான், எங்களை ஏமாற்ற வந்தவன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி முழுக்கப் போர்வைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, படுத்தால் தூக்கம் வருமா வராதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலை வேளை அது. அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் எனக்கு நல்லவராகவே தெரிவார்கள். பேச ஓர் ஆள் கிடைத்ததே என்றிருக்கும். வந்தவன் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. முகத்தில் பொறுப்பு தெரிந்தது. புதிய சட்டத்தின்படி முதியோர் இருக்கும் வீடுகளில் உள்ள நகைகளுக்கு அரசு முத்திரை குத்தப்படும், முத்திரை குத்திய நகையைத் தொடவே திருடன் நடுங்குவான், இன்று எடுத்துப் போய் நாளை திருப்பித் தருவோம் என்று விளக்கினான்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். ஆனால் செய்தித்தாளைக் கடைசி வரி வரை படிப்பவன். என்னை அவ்வளவு சுலபத்தில் யாரும் ஏமாற்றிவிட முடியாது. ஆகவே கூர்மையான ஒரு கேள்வி கேட்டேன்: அந்த முத்திரை சோப்புத் தண்ணீரில் அழியுமா? இப்படி ஒரு கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை என்று அவன் வியந்தான். என்னை யாராவது பாராட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. எழுந்து போய் டீ போட்டேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன்.

அத்தையின் சங்கிலி மாமா வாங்கிக் கொடுத்தது. மாமா போன பிறகு அத்தை அதைக் கழற்றியதே இல்லை. கொக்கி இறுகிப்போய்க் கிடந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நான்தான் கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பேச்சுக்கு நடுவே அத்தையின் கை கழுத்துக்குப் போகும். அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும்.

அடுத்த வாரம், பக்கத்துத் தெருவில் முத்திரை குத்தப் போனவனை ஒரு நாய் பிடித்தது. நாயிடமிருந்து காவல்துறை அவனைப் பிடித்தது. திறமையான நடவடிக்கை என்று செய்தித்தாளில் வந்தது. அவன் பையில் அத்தையின் சங்கிலி இருந்தது.

காவல் நிலையத்தில் முதியோர் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு திறந்திருந்தார்கள். அதாவது, மெத்தை வைத்த ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பிரிவு அதிகாரி தலைக்குச் சாயம் அடித்ததில் காது நுனியும் சேர்ந்து கறுத்திருந்தது. அவர் நிலைமையை விளக்கினார். ஏமாந்தவர் அறுபத்தைந்து தாண்டியவர் என்றால் சிறப்புச் சட்டம்; பொருளை இன்றே கையில் கொடுத்துவிடலாம். அப்படி இல்லையென்றால் சாதாரணச் சட்டம்; வழக்கு முடியும்வரை சங்கிலி அரசுப் பெட்டகத்தில் இருக்கும். வழக்கு எப்போது முடியும் என்று கேட்டேன். அது அவருக்கு அடுத்து வருகிறவருக்கு அடுத்து வருகிற அதிகாரிக்குத்தான் தெரியும் என்றார்.

பிறகு அத்தையிடம் வயது கேட்டார்.

அத்தையை இங்கே கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும். காலையில் நடக்கப் போகிறவர்கள் எங்கள் பேட்டையில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதில் இளமை அணிக்கு அத்தைதான் தலைவி. ரோஸ் நிறத்தில் ஓட்டப்பந்தயக் காலணி. அதிகாரியின் தலையைவிடக் கறுப்பான தலை.

"ஐம்பத்தொன்பது" என்றார் அத்தை.

நான் இருமினேன். காலணி என் பாதத்தின் மேல் ஏறி நின்றது. அத்தையை ஓரமாக அழைத்துப் போனேன்.

"அத்தை, சங்கிலி வேணுமா வேணாமா?"

"வேணும்டா. அதுக்காக நான் கிழவி ஆகணுமா?"

"எழுபத்தொண்ணுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"உங்க மாமாகிட்டயே சொன்னதில்ல. இந்தாளுகிட்ட சொல்லுவேனா?"

வேறு வழியில்லாமல் நானே அதிகாரியின் கறுத்த காதில் உண்மையைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டு மகிழவில்லை. வயது மட்டும் இருந்தால் போதாதாம். முதியவரைத்தான் ஏமாற்றுகிறோம் என்று குற்றவாளிக்கும் தெரிந்திருக்க வேண்டுமாம். அவனையே கேட்டுவிடலாம் என்று அழைத்துவரச் சொன்னார்.

காலில் கட்டோடு முத்திரைக்காரன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"சத்தியமாத் தெரியாது சார். இந்த அக்காவப் பார்த்தா வயசானவங்க மாதிரியா இருக்கு?"

"கால் இப்ப எப்படி இருக்கு தம்பி?" என்றார் அத்தை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சங்கிலி பெட்டகத்தை நோக்கி நகர்வது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"வயசானவங்களே இல்லாத வீட்டுக்கு முதியோர் திட்டம்னு சொல்லிக்கிட்டு எதுக்குய்யா போன?"

"வயசானவர் இருந்தாரே சார்" என்று அவன் என்னைக் காட்டினான். "இவர்தான் கதவத் தொறந்தாரு. கண்ணெல்லாம் உள்ள போயி, கை நடுங்கிக்கிட்டு, பாவமா இருந்துச்சு. இந்த அக்கா இவரோட மகள்னு நெனச்சேன்."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. முதியவர் எனப்படுபவர் அறுபத்தைந்து தாண்டியவர், அல்லது குற்றவாளியால் அவ்வாறு கருதப்பட்டவர். ஆளுக்கு உண்மையில் வயதாகவில்லையே என்று சொல்லி ஒருத்தனும் தப்பிக்கக் கூடாதென்று அறிஞர்கள் கூடி யோசித்துச் சேர்த்த வரியாம் அது. சங்கிலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தது யார் என்றும் விசாரித்தார். நான்தான். ஆகவே ஏமாற்றப்பட்ட முதியவரும் நான்தான் என்று முடிவாயிற்று.

எனக்கு நாற்பத்தேழு என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க ஐயா" என்று அதிகாரி கனிவாகச் சொல்லிவிட்டு அத்தையை ஒரு பார்வை பார்த்தார்.

ராத்திரி வேலைக்குப் போகும் என்னை ஆந்தை என்றே கூப்பிடும் அத்தை, என் தோளைத் தட்டினார். "ஒத்துக்கடா ஆந்தை. வயசாகுறதுல என்ன வெக்கம்?"

சொல்லும்போதே அவர் கை கழுத்துக்குப் போய்த் திரும்பியது. நான் ஒத்துக்கொண்டேன்.

மெத்தை நாற்காலியில் என்னை உட்கார்த்தினார்கள். இருபுறமும் தாங்கிப் பிடித்துத்தான் உட்கார்த்தினார்கள். புதிய சட்டத்தால் பயனடைந்த முதல் முதியவர் என்று படம் எடுத்து வாசலில் மாட்டினார்கள். மும்மடங்கு தண்டனையைப் பெறப் போகிற முத்திரைக்காரன், போகும்போது, "உடம்பப் பார்த்துக்கங்க ஐயா" என்றான். அன்றைக்கு அந்த நிலையத்தில் மனசிலிருந்து வந்த பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பேருந்தில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார், கழுத்தில் சங்கிலி மின்ன. எனக்குப் பக்கத்தில் இடம் காலியானபோதும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தே வந்தேன். ராத்திரியெல்லாம் நின்ற கால். நல்ல சட்டம்தான் என்று தோன்றியது.

சில நாள் கழித்து, காலையில் மறுபடி கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அட்டையோடு வேறொருவர். காவல் நிலைய வாசலில் என் படத்தைப் பார்த்தாராம். ஒருமுறை களவு போய்த் திரும்பிய நகைகளுக்கு அரசு இன்னும் கெட்டியான ஒரு முத்திரை குத்துகிறதாம்.

இரண்டாம் முறை ஏமாற நான் என்ன முட்டாளா? அட்டையைக் காட்டச் சொன்னேன். காட்டினார். கண்ணாடி உள்ளே இருந்தது. இருந்தாலும் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத் திருப்தியடைந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "உள்ள இருக்கறது உங்க பொண்ணா ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அத்தை தலையைக் கோதிக்கொண்டே வந்தார். கை கொக்கிக்குப் போய்விட்டது. இந்தமுறை என் உதவி தேவைப்படவில்லை. கொக்கிக்கு நான்தான் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன்.

நான் டீ போட உள்ளே போனேன். பாதி வழியில் நினைவு வந்து, திரும்பி வந்து, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேன்.