இடது கண்ணும் நாற்பது டஜன் முட்டையும்

மதிப்பிற்குரிய டாக்டர் லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு, அலாஸ்காவில் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் கடை வைத்திருக்கும் வசீலி ஆண்ட்ரூ வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஜூனில் நீங்கள் கொடுத்த விமானி உடல்தகுதிச் சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என் இடது கண் பார்வை போய் மூன்று வருஷமாகிறது. பின்னே எப்படித் தேறினாய் என்பீர்கள். உங்கள் அறைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பதினெட்டு வருஷமாக நீங்கள் மாற்றவே இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் விமானிகள் காப்பி குடித்துக்கொண்டே கடைசி இரண்டு வரியை ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொள்வது எங்கள் வழக்கம். முந்நூறு சாமான் விலையை மனதில் வைத்திருக்கிறவனுக்குப் பதினொரு எழுத்து ஒரு பாரமா? "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்றுகூடச் சொன்னீர்கள். தப்பு என்னுடையது. ஆனால் அட்டை உங்களுடையது.

எங்களுடையது வெளியூருக்குச் சாலை இல்லாத ஊர். விமானம் இல்லையென்றால் கடை இல்லை, அதனால் பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நாற்பது டஜன் முட்டை, மாவு மூட்டை, பக்கத்து சீட்டில் பல் பிடுங்கிக்கொண்டு திரும்பும் என் மாமியார் ஒலிங்கா என்று ஏற்றிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல் ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினேன், ஓடுபாதையில் படுத்திருக்கிற நாய்களை விரட்ட யாராவது வண்டியெடுத்து வரட்டும் என்று. நாயெல்லாம் ஓடிவிட்டது, காற்றும் இல்லை, குறை சொல்ல ஒன்றுமே இல்லை, ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், தரை இன்னும் பத்தடி கீழே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தரை வந்துவிட்டது, அதுவும் ஓடுபாதைக்கு முந்தின புதர், சக்கரம் அதில் சிக்கி, மூக்கு மண்ணில் குத்தி, வால் வானத்தைப் பார்க்க, பின்னால் இருந்த முட்டை முழுக்க எங்கள் தலையில். பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த மாமியார் வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு நிதானமாக, "ஏம்ப்பா, தரை வருதுன்னு நான்தான் சொல்லியிருக்கணுமோ?" என்றார்.

யாருக்கும் அடியில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து வரும்போது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உன் மக நேத்து இந்த சீட்லதானே உக்காந்து வந்தா?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கடிதம்தான் அவருக்குப் பதில். இனி விமானி சீட்டில் நான் உட்கார மாட்டேன், டாக்டர். கடை போனாலும் போகட்டும்.

இந்தக் குளிர்காலம் முழுக்க உங்கள் வீட்டில் விறகும் மீனும் குறையாமல் இருக்கட்டும். வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வசீலி ஆண்ட்ரூ

பி.கு.: என் விமானத்தின் முன் விசிறி வளைந்து கிடப்பதால், கடிதத்தை எடுத்துப்போக ஆற்றின் மேல்பக்கத்து ஊர் விமானி யாக்கோ வந்திருக்கிறான். இனி என் சரக்கையும் அவன்தான் கொண்டுவருவதாக ஏற்பாடு. உறையைக் கையில் வாங்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாருக்குண்ணே எழுதியிருக்க?" என்றான். மெதுவாக விசாரித்தேன். அவனுக்குப் போனது வலது கண். அவன் சான்றிதழிலும் உங்கள் கையெழுத்துதான். இவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆகவே பக்கத்து சீட்டில் ஏறிக் கடிதத்தை நானே நேரில் கொண்டுவருகிறேன். இடப்பக்கம் அவன் பார்த்துக்கொள்வான், வலப்பக்கம் நான். தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ரெண்டு பேருமாகப் பேசி முடிவு செய்துகொள்வோம்.