ரிஜெக்ட் அண்ணனும் இருநூறு நத்தைகளும்

ஒரே ஒரு கேள்வியில் அறுபது பேர் இருக்கும் வகுப்பைத் திணறடித்துவிட்டு, தானும் அதே அளவு குழம்பிப்போய் நிற்கக்கூடிய மனிதர் கோவை ஜில்லாவில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ரிஜெக்ட் அண்ணன்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவு, அவர் சோதனைப் பிரிவு. பம்பை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, சத்தம் பிசகினால் "ரிஜெக்ட்" என்று சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். பழக்கம் பம்போடு நிற்கவில்லை. ஒருநாள் கேண்டீன் வடையைத் தட்டிப் பார்த்து, காதருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பேர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஊழியர்கள் சனிக்கிழமைகளில் கல்லூரிகளுக்குப் போய், சொந்தப் பணத்தை நிர்வகிக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குத் தன்னார்வமாகக் கற்றுத்தர வேண்டும். தன்னார்வம் கட்டாயம் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கணக்குப் பிரிவு என்பதால் முதலில் மாட்டியது நான். கூட வர ரிஜெக்ட் அண்ணன் தானாகவே கை தூக்கினார்.

"உங்களுக்கு இதுல ஆர்வமுங்களாண்ணா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க மேடம். சனிக்கிழமை ஊட்ல இருந்தா தண்ணித்தொட்டி கழுவோணுமுங்க."

கருமத்தம்பட்டி தாண்டி ஒரு கலைக் கல்லூரி. பாதிப் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் விசைத்தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். மும்பை அனுப்பிய முதல் ஸ்லைடு, எது தேவை, எது ஆசை என்பது. தேவை என்றால் சன்னல் பக்கமும் ஆசை என்றால் கதவுப் பக்கமும் போய் நிற்க வேண்டும். வீட்டு வாடகை என்றேன். எல்லாரும் சன்னலுக்குப் போனார்கள். சினிமா என்றேன். எல்லாரும் கதவுக்குப் போனார்கள், இரண்டு பேர் கதவைத் தாண்டியே போய்விட்டார்கள். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போது அண்ணன் "மொய்" என்றார்.

பிள்ளைகள் நடு வகுப்பில் நின்றுவிட்டார்கள்.

"எங்கக்கா கல்யாணத்துக்கு அது திரும்பி வருமுங்களே சார், அப்ப சேமிப்புங்க" என்றாள் ஒரு பெண்.

"அவங்க நமக்கு வெச்சதத்தான நாம திருப்பி வெக்கறோம்? அது கடனுங்க" என்றான் ஒருவன்.

அண்ணன் சன்னலுக்கும் கதவுக்கும் மாறி மாறி நடந்தார். "கடன்னா வட்டி இருக்கோணுமே. ஏனுங்க மேடம், மொய்க்கு வட்டி உண்டுங்களா?"

அன்று மற்ற ஸ்லைடுகள் எதுவும் நகரவில்லை. மொய் எந்தக் கணக்கில் சேரும் என்று மும்பைக்கு மெயில் போட்டேன். திங்கட்கிழமை பதில் வந்தது: மொய் எந்த நிறுவனத்தின் மியூச்சுவல் ஃபண்ட் என்று தெரியவில்லை, பதிவு எண்ணை அனுப்பவும்.

அடுத்த சனிக்கிழமை கூட்டு வட்டி. இருபது வயதில் மாதாமாதம் போட ஆரம்பித்தால் அறுபதில் எவ்வளவு ஆகும் என்று நான் போர்டில் எழுதியதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அண்ணன் எழுந்தார்.

"அறுபது வயசுல பிரியாணி என்ன வெலைங்க மேடம்?"

விலைவாசி ஏற்றத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இப்பவே அரிசியா வாங்கி வெச்சுட்டா என்னங்க?"

"வண்டு புடிச்சுருமுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வண்டுக்கு ஸ்லைடு இருக்குதுங்களா மேடம்?"

இவர் விளையாடுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் விளையாடுகிறார் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை, வகுப்பின் நடுவே கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் வந்தார். அதே கல்லூரியில் படித்தவராம். பத்து நிமிடம் பேச அனுமதி வாங்கியிருந்தார். விஷயம் நத்தைப் பண்ணை. நத்தையின் கொழகொழப்பிலிருந்து வெளிநாட்டில் முகத்துக்குக் கிரீம் செய்கிறார்கள். பணம் கட்டினால் நம் பேரில் இருநூறு நத்தைகள். வளர்ப்பதும் விற்பதும் கம்பெனி. நமக்கு மாதம் பிறந்தால் வருமானம்.

அதே நத்தைப் பண்ணைக்கு எழுதிய செக் என் கைப்பையில் இருந்தது. வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட ஆறு வருடம் சேர்த்த பணம். எங்கள் காலனியில் நாலு வீட்டில் பணம் கட்டிவிட்டார்கள் என்று, கணவரிடம்கூடச் சொல்லாமல் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தேன். தேவை, ஆசை என்று இரண்டு வாரம் முன்பு பாடம் எடுத்தவள் நான்தான்.

ரிஜெக்ட் அண்ணன் எழுந்தார். "ஏனுங்க தம்பி, அத்தன நத்தையில என்ற நத்தை எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"எல்லாம் ஒண்ணாத்தான் சார் வளரும்."

"சரிங்க. அதுல நூறு செத்துப்போச்சுன்னா, செத்தது என்றதா, அடுத்தவங்களுதா?"

"கம்பெனியில கணக்கு இருக்கும் சார்."

"ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க, போதும். நீங்க அந்த நத்தையப் பாத்திருக்கீங்களா?"

இளைஞர் தயங்கினார். "போட்டோ பாத்திருக்கேன் சார்."

வகுப்பு சிரித்து உருண்டது. அடுத்த வாரம் நத்தையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த படிவங்களை அப்படியே அள்ளிக்கொண்டு அவர் போனார்.

திரும்பும்போது கம்பெனி வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். செக்கை எடுத்து அண்ணனிடம் காட்டினேன். "நீங்க மட்டும் அவனை மடக்கலைன்னா திங்கக்கிழமை கட்டியிருப்பேங்கண்ணா."

அவர் செக்கை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நான் மாசி மாசமே கட்டிப்போட்டனுங்க மேடம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பின்ன அவ்வளவு விவரமா கேட்டீங்களே?"

"நெசமாத்தானுங்க கேட்டேன். ரெண்டு மாசமாப் பணம் வரலீங்க. போன் எடுக்க மாட்டீங்கறாங்க. என்ற நத்தை எங்கிருக்குதுன்னு ஆரைக் கேக்கறதுன்னே தெரியல. இந்தத் தம்பி வந்துச்சு, கேட்டுப்போட்டேன்."

நீலாம்பூர் வந்தபோது செக்கை அவரிடமிருந்து வாங்கிக் கிழித்தேன்.

நான்காவது சனிக்கிழமை இளைஞரும் வரவில்லை, நத்தையும் வரவில்லை. முதலீட்டில் ஏமாறாமல் இருப்பதற்கு மும்பை பதினோரு ஸ்லைடு அனுப்பியிருந்தது. முதல் ஸ்லைடிலேயே அண்ணன் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னார்.

"கண்ணுகளா, போன வாரம் அந்தத் தம்பி சொன்ன நத்தையில நான் காசு கட்டியிருக்கேன். போச்சு."

பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"முப்பது வருசமா பம்புல நொட்டை கண்டுபுடிக்கறவனுங்க நான். இதுல மட்டும் கட்டிப்போட்டு அப்பறமாக் கேட்டேன்."

"முன்னாலயே ஏனுங்க சார் கேக்கல?" என்றாள் முன் வரிசைப் பெண்.

அண்ணன் யோசித்தார். "அந்தக் கம்பெனிக் கூட்டத்துல சுத்தி உக்காந்தவங்க எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்தாங்க அம்மணி. எனக்கு மட்டும் புரியலன்னு சொல்லக் கூச்சமாப் போச்சு."

அந்தப் பெண் எழுந்தாள். "சார், எங்கப்பா நாளைக்குக் கட்டறேன்னாருங்க. போன் பண்ணிட்டு வாரேன்." அவள் வராந்தாவுக்கு ஓடினாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் போனைக் காதில் வைத்தபடி போனார்கள். என் செக்கைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

பத்தே நாளில் நத்தைக் கம்பெனி பூட்டிக்கொண்டது. அண்ணன் போலீசில் புகார் கொடுத்தார், வழக்கு நடக்கிறது. வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேனுங்க. ஒரு மாசம் சோத்துல உப்பு இல்லீங்க" என்றார். போன வருடம் ஓய்வு பெற்று, அந்தியூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

இந்த வருடம் அதே கல்லூரிக்கு என்னோடு வந்தவர் புதிதாகச் சேர்ந்த எம்.பி.ஏ. பையன். மும்பையின் அத்தனை ஸ்லைடுகளையும் நாற்பத்தைந்து நிமிடத்தில் தெளிவாக நடத்தி முடித்துவிட்டு, ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை. கடைசியில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "எங்க சீனியருங்க சொன்ன அந்த நத்தை சார் வரலீங்களா மேடம்?" என்றாள்.

வரமாட்டார் என்றேன். மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதை என்ன செய்வதென்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.