நாள்பட்ட வலி அவசரமாகாது

"தோள் குடுங்கோவ்..."

மலைக்கு வேலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் செவிலியர் தெரசா கேட்ட குரல் அது. நோயாளியைப் போர்வைத் தூளியில் கட்டி இறக்குகிறவர்கள் கூவுவார்கள். வழியிலிருக்கும் ஊர்க்காரர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோள் மாற்றுவார்கள். என்ன நோவு என்று எவரும் கேட்டதில்லை. கனமா, லேசா என்று மட்டும் கேட்பார்கள்.

இப்போது அந்த மலையூர்கள் சேர்ந்த அரியூர் நாட்டுக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இவற்றைத் தொடர்ந்து 'மருத்துவச் சொற்களின் சீரான வரையறைகள்' என்னும் மேன்மை பொருந்திய நூலும் வந்து சேர்ந்தது. அதில் இல்லாத நோயை இனி மலையில் யாரும் அனுபவிக்கலாகாது.

நூலை விளக்க அலுவலர் ஓம்பிரகாஷ் கீழேயிருந்து தெரசாவின் சுகாதார நிலையத்துக்கு ஜீப்பில் வந்திருந்த அன்றுதான், மரவள்ளிக் காட்டிலிருந்து மயிலம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெரசா ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள். அலுவலர் கையமர்த்தினார்.

"எப்ப இருந்தும்மா வலி?"

"சாமை அறுத்ததுலருந்துங்க சாமி, நாலு மாசமாச்சுங்க. இன்னிக்கு ரொம்ப அழுத்துதுங்க."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா நாள்பட்ட வலி. அவசரம்னா திடீர்னு வரணும். ஆகவே இது அவசரமாகாது."

"இதயமா இருக்கும் சார். பாருங்க, வேர்த்துக் கொட்டுது."

"வேர்வைக்குத் தனி வரையறை இருக்கு சிஸ்டர். பக்கம் தாவாதீங்க."

"மயங்கி விழுந்தா?"

"அது புது நிகழ்வு. தாராளமா வண்டி வரும்."

மயிலம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அப்படீன்னா விழுந்துக்கறேனுங்க. எந்தப் பக்கம் விழட்டும், சாமி?"

"தெரிஞ்சு விழுந்தா மயக்கமாகாதும்மா" என்றார் ஓம்பிரகாஷ், உண்மையான வருத்தத்தோடு. கெட்டவரல்லர் அவர், நூலை முழுவதும் படித்தவர், அவ்வளவுதான்.

வெளியே டிரைவர் ராசப்பன் ஜீப்பின் பின்புறம் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான். அரசு வண்டியில் பழம் ஏற்றலாகாது. ஆகவே அவை 'பயிற்சிக்கான மாதிரிப் பொருள்' ஆகியிருந்தன, 'ஊட்டச்சத்து' என்னும் சொல்லை விளக்க.

தெரசா அதையே பார்த்தாள். "சார், நாளைக்குக் கீழ நடக்கற பயிற்சிக் கூட்டத்துல நாள்பட்ட வலியை எதை வச்சு விளக்கப் போறீங்க?"

அலுவலர் யோசித்தார். முகம் மலர்ந்தது.

மயிலம்மாள் மாதிரிப் பொருளாகப் பழங்களுக்கு நடுவில் ஏறினாள். தெரசாவும் கூட ஏறினாள்.

"வளைவுல பழம் உருளாம பாத்துக்கம்மா" என்றான் ராசப்பன்.

"என்னைய ஆருடா பாத்துக்கறது?"

கீழே இறங்கியதும், நாளை வரை மாதிரியைப் பத்திரமாக வைக்க வேண்டுமே என்று சொல்லித் தெரசா அவளை ஆஸ்பத்திரியில் இறக்கினாள். அங்கிருந்த டாக்டர் வரையறை எதுவும் கேட்கவில்லை. இதயக் குழாயில் அடைப்பு. உடனே எடுத்துவிட்டார்கள். மயிலம்மாள் பிழைத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் பலாப்பழங்களைத் தின்று முடித்தார்கள். 'மாதிரிப் பொருள்' என்ற தலைப்பில் ஜீப்பில் வந்த அனைத்துக்கும் கணினியில் ஒரே வரி: "பயிற்சியில் பயன்படுத்தித் தீர்க்கப்பட்டன."

மயிலம்மாள் மாத்திரைக்கு வந்தபோது, அவள் தீர்ந்துபோனவள் என்றே கணினி சொன்னது.

"ஏனுங்க சிஸ்டர், என்னையுமா தின்னுப்போட்டாங்க?"

சிரித்தபடியே தெரசா யோசித்தாள். மாத்திரை ஒருநாளும் நிற்கக்கூடாது. தன் பெயரிலேயே இதய நோயைப் பதிந்து, மாத்திரையை வாங்கி அவளிடம் கொடுத்தாள்.

நூல் உடனே விழித்துக்கொண்டது. இதய நோயுள்ள பணியாளர் மலைப்பணிக்குத் தகுதியற்றவர்; தெரசாவுக்குக் கீழே மாற்றல் வந்தது. ஊரே திரண்டு இறங்கி ஓம்பிரகாஷிடம் முறையிட்டது.

"அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க. கல்லாட்டம் இருக்குது."

"அப்ப மாத்திரை எதுக்கு வாங்குனாங்க?" என்று கனிவோடு கேட்டார்.

உண்மையைச் சொன்னால் மயிலம்மாளுக்கு மாத்திரை நின்றுபோகும். ஊர் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியது.

மாத்திரை மட்டும் மாதாமாதம் கண்டக்டர் கையில் மேலே போகிறது. தெரசா இப்போது கீழே, ஓம்பிரகாஷின் அலுவலகத்தில் இருக்கிறாள். உடம்பை வருத்தாத வேலை. நூலின் இரண்டாம் பதிப்புக்குப் பிழை திருத்துகிறாள்.